நிழலுக்குள் இருந்து எடுத்த முகம்

ஒரு பெண்ணின் முகம் என்னை விடாமல் துரத்துகிறது. நாற்பது வயதைக் கடந்த முகம். நெற்றியில் வட்டப் பொட்டு, மெல்லிய உதடுகள், ஒரே அளவான இரண்டு கண்கள். கண்டி பஸ் நிலையத்துக் கூட்டத்தில் அது எதிரே வருவது போலிருக்கும். நின்று பார்த்தால் வேறு யாரோ. அக்குறணையில் என் ஹார்ட்வெயார் கடைக்கு வரும் பெண்களிடம்கூட ஒரு கணம் அதைக் கண்டு, எடுத்துக் கொடுக்க வேண்டிய பெயின்ட் டப்பாவோடு அப்படியே நின்றிருக்கிறேன். பேய் பிசாசு என்று அலைகிறவன் அல்ல நான். இறந்தவர் ஒருவரின் முகமென்றால் ஒரு துஆவை ஓதிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். இது இறந்தவரின் முகமும் இல்லை, உயிரோடிருப்பவரின் முகமும் இல்லை. என் கம்பியூட்டரில் நானே உண்டாக்கிய முகம்.

அதைச் சொல்வதென்றால் கார்ட் அண்ணனிலிருந்துதான் தொடங்க வேண்டும். நாவலப்பிட்டியில் ரயில் கார்டாக இருப்பவர். நாங்கள் இருவரும் இணையத்தில் ஒரு புகைப்படக் குழுவில் அறிமுகமானோம். படம் எடுப்பவர்களின் குழு என்றுதான் பெயர். உண்மையில் அது சண்டைக் களம். எந்த கெமராவின் சென்சர் நல்லது என்பதே எங்கள் ஓயாத வழக்கு. சென்சர் என்பது கெமராவுக்குள் ஒளியை வாங்கும் தகடு. இருட்டில் அது தடுமாறினால் படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் விழும். அதை நாங்கள் நொய்ஸ் என்போம். யாருடைய சென்சரில் நொய்ஸ் குறைவு, யாருடையது நிழலுக்குள் இருப்பதை அதிகமாக மீட்டுத் தரும் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவோம். படத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததாக ஞாபகமில்லை.

கார்ட் அண்ணனிடம் இருந்தது பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய கெமரா. என்னிடம் இருந்தது புத்தம் புதியது. போதாதா? "அண்ணன், அந்தச் சென்சர மியூசியத்துக்குக் குடுங்கோ, அவங்களாவது சந்தோசப்படுவாங்க" என்று எழுதுவேன். "நானா, உங்க கெமராவ தூக்கிட்டு மல ஏற தனியா ஒரு ஆள் வேணுமே, அதுக்கு என்ன செய்றீங்க?" என்று, அண்ணனுக்கு எங்கள் ஆட்கள் சொல்லும் சொல்லாலேயே என்னை அழைத்து, அவர் திருப்பிக் கொடுப்பார். ஓய்வு நாட்களில் மலைகளையும் பனிமூட்டத்தையும் தண்டவாள வளைவுகளையும் எடுத்துப் போடுவார். நல்ல படங்கள். நான் அவற்றைப் பெரிதாக்கி, மூலையில் இருக்கும் நிழலில் நொய்ஸ் தேடிப் பிடித்து, சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவேன். அதில் எனக்கு ஒரு கெட்ட சந்தோசம் இருந்தது. இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கெமரா பதிந்தபடியே, கைவைக்காமல் இருக்கும் கோப்பை ஒருவர் போட்டால், மற்றவர்கள் அதை எடுத்து, தங்கள் திறமைப்படி வெளிச்சம் கூட்டி, நொய்ஸ் நீக்கிப் போடுவார்கள். அதற்குச் சமையல் என்று பெயர் வைத்திருந்தோம். சமையலில் வென்றவனுக்கு ஒரு வாரத்துக்கு மவுசு. யார் படம், எதற்காகப் போட்டார் என்று கேட்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. காய்கறி எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று சமையல்காரன் கேட்பானா என்பதுதான் எங்கள் எண்ணம்.

ஒரு நாள் கார்ட் அண்ணன் அப்படி ஒரு கோப்பைப் போட்டார். வாசல் வழியே தெரியும் மலை, அதன்மேல் காலை வெயில். மலைக்காக ஒளியளவு வைத்து எடுத்திருந்ததால் வீட்டின் உட்புறம் மை பூசியது போலக் கறுப்பு. "கதவோரம் இருட்டுல ஒரு ஆள் நிக்குது. அந்த மூஞ்சிய யாராவது வெளிய கொண்டுவர ஏலுமா? பெரிய உதவியா இருக்கும்" என்று மட்டும் எழுதியிருந்தார். அதற்கு முன் சில மாதங்களாக அவர் குழுப் பக்கமே வரவில்லை. ஏன் என்று யாருமே கேட்கவில்லை. என் வாதத்துக்கு வாய்ப்பாக ஒரு சாட்சி கிடைத்துவிட்டது என்று குதித்தேன் நான்.

வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குப் பிறகு கடை திறக்கவில்லை. உட்கார்ந்து நிழலைத் தூக்கினேன். கறுப்புக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். உடம்பெல்லாம் கோடு கோடாக, முகமெல்லாம் புள்ளி. மழைக்கு அப்பால் நிற்பவரைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. ஆனால் ஆள் தெரிந்தது. கன்னத்தில் லேசான குழி. கெமரா தன்னைப் பார்ப்பது தெரியாத ஒரு நிம்மதி. இடது கண் மட்டும் சிறுத்து, பாதி மூடியது போலிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் கண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "பாருங்கோ, கண்ணையே திண்டிட்டுது உங்கட சென்சர்" என்று குழுவில் போட்டேன். எழுபது எண்பது பேர் சிரித்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்குச் சமையலிலும் வெல்ல வேண்டியிருந்தது. செயற்கை நுண்ணறிவால் இயங்கும் மென்பொருள் ஒன்று என்னிடம் இருந்தது. தெளிவில்லாத முகத்தைக் கொடுத்தால் தெளிவாக்கித் தரும். எப்படித் தெளிவாக்குகிறது? இல்லாததை ஊகித்து நிரப்புகிறது. எத்தனையோ கோடி முகங்களைப் பார்த்துப் பழகிய அது, கண் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று தானாகவே ஒரு கண்ணை வைத்துவிடும். இது எனக்கு நன்றாகவே தெரியும்; மற்றவர்கள் அப்படிச் செய்தால் கள்ளச் சமையல் என்று கத்துகிறவனே நான்தான். அன்று நான் அதைச் செய்தேன். குழி மறைந்தது, புள்ளிகள் மறைந்தன, இடது கண் வலது கண்ணின் அளவுக்குத் திறந்தது. மாஷா அல்லாஹ் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படத்தைப் போட்டேன். கைதட்டல் ஓய ஒரு வாரம் பிடித்தது.

கார்ட் அண்ணன் குழுவில் ஒன்றும் எழுதவில்லை. எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். "நானா, அது என் சம்சாரம். காய்ச்சல்ல போயிட்டா. இத்தன வருஷமா மலையும் பனியுமா ஆயிரக்கணக்குல எடுத்தேன், அவள ஒழுங்கா ஒன்னு எடுக்கல. கல்யாணப் படத்துல இருக்கிறது பத்தொன்பது வயசுப் புள்ள. எங்கூட வாழ்ந்தவ இந்த ஒன்னுலதான் இருக்கா, அதுவும் தெரியாம வந்து நின்னதுனால. திவசத்துக்குச் சுவர்ல மாட்டணும். நீங்க கட்டாயம் வரணும்."

அந்தச் செய்தியை எத்தனை முறை வாசித்தேனோ. எங்கள் வீடுகளில் மௌத்தானவர்களின் படத்தைச் சுவரில் மாட்டுவதில்லை. என் உம்மாவின் படம் ஒன்றுகூட வெளியில் இல்லை. அவரை நான் துஆவில்தான் வைத்திருக்கிறேன். அதனால் சுவரில் மாட்டுகிற ஒரு படத்துக்கு எவ்வளவு பாரம் என்பது எனக்கு உறைக்கவில்லை. முகம் முழுதும் உண்மையில்லை என்று அப்போதே ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்திருக்கும். "கவலைப்படாதீங்கோ அண்ணன், கட்டாயம் வாறன்" என்றுதான் எழுதினேன்.

போனேன். கண்டிக்குப் போய், அங்கிருந்து நாவலப்பிட்டி பஸ்ஸில் நின்றுகொண்டே. ரயில்வே குவாட்டர்ஸின் முன்னறையில், பெரிய சட்டத்துக்குள், மல்லிகை மாலைக்குள் நான் செய்த முகம். கீழே விளக்கு. வருகிறவர்கள் அதன்முன் கைகூப்பினார்கள். இரண்டொருவர் கொஞ்சம் தயங்கியது போல எனக்குப் பட்டது. கார்ட் அண்ணன் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மொதல்ல பாக்கயில வேற ஆளு மாதிரி இருந்திச்சு நானா. பாக்கப் பாக்கப் பழகிருச்சி. இப்ப கண்ண மூடுனா இந்த மூஞ்சிதான் வருது" என்று சந்தோசமாகச் சொன்னார்.

தேநீர் கொண்டுவந்த அவர் மகள்தான் மெதுவாகச் சொன்னாள். "அங்கிள், அம்மாவுக்குப் பொறப்புலயே இடது கண்ணு சின்னது. அதனாலதான் ஃபோட்டோன்னா முந்தானைய இழுத்து மூடிக்குவாங்க. அப்பா மட்டும் அந்தக் கண்ணுதான் அழகுன்னு கிண்டல் பண்ணிக்கிட்டே இருப்பாரு." நான் கோப்பையை வாங்கிக்கொண்டேன். "அப்பாகிட்ட ஒன்னும் சொல்லிறாதீங்க. இந்தப் படம் வந்த பொறகுதான் அவரு ஒழுங்கா சாப்பிடுறாரு" என்றாள். நான் குழுவில் போட்ட சிவப்பு வட்டத்தை அவளும் பார்த்திருப்பாளோ என்ற நினைப்பு வந்ததும் கோப்பையை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

குழுவை விட்டு அந்த வாரமே விலகினேன். கெமரா அலுமாரிக்குள் போய்விட்டது. ஆனால் கோப்பு என்னிடம் இருந்தது. கைவைக்காத அசல் கோப்பு. ஐந்தாறு மாதம் அதைத் திறப்பதும் மூடுவதுமாகக் கழிந்தது. திறந்தால் அந்தப் பெண் மழைக்கு அப்பால் நின்று, சிறுத்த கண்ணால், எனக்குப் பின்னால் யாரையோ பார்க்கிறாள். கடைசியில், வருவது வரட்டும், உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று முடிவெடுத்தேன். எந்த மென்பொருளும் போடாமல், வெளிச்சம் மட்டும் கூட்டி, முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, கண்டியில் ஒரு ஸ்டூடியோவில் அச்சடித்தேன். கோடும் புள்ளியுமாகத்தான் வந்தது. அதை உறைக்குள் வைத்துக்கொண்டு மறுபடி நாவலப்பிட்டிக்குப் போனேன்.

கார்ட் அண்ணன் குளித்துக்கொண்டிருந்தார். மகளிடம் உறையை நீட்டினேன். வெளியே எடுத்தவள் "அம்மா" என்றாள். அவ்வளவுதான். கதிரையில் உட்கார்ந்து, பெருவிரலால் அந்த இடது கண்ணைத் தடவிக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன். மூன்று தலைமுறை வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன், இன்னொருவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து சிறுபிள்ளை போல அழுதேன்.

துவாயால் தலையைத் துவட்டிக்கொண்டு கார்ட் அண்ணன் வந்தார். "அட, வாங்க நானா! சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறீங்க" என்று சிரித்தார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் மடியில் கிடந்த படத்தை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலருகே போனார். நான் எழுந்து நின்றேன். சொல்ல வேண்டிய சொற்களை பஸ்ஸில் வரும்போதே அடுக்கி வைத்திருந்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார். கிட்டே பிடித்தார், எட்டப் பிடித்தார். சுவரில் மாலைக்குள் இருந்த முகம் எங்கள் மூவரையும் இரண்டு கண்களாலும் பார்த்துக்கொண்டிருந்தது.

"யாரு நானா இது?" என்றார். "நம்ம குழுவுல யாராவது வீட்டு ஆளா?"

மகள் என்னைப் பார்த்தாள். "ஓ அண்ணன்" என்று தலையாட்டினேன்.

"பாவம், நல்ல மனுசி மாதிரி இருக்கு" என்று படத்தை என்னிடம் திருப்பித் தந்தார். "நொய்ஸ்தான் கூட. இடது கண்ணையே திண்டிருச்சி. நீங்க கொஞ்சம் சமைச்சிங்கன்னா சரியாகிரும்."