துண்டு சுற்றிய தூக்குவாளி

தொழிற்சாலை கேன்டீனில் இருபத்திரண்டு வருடமாகச் சமைப்பவளைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. அண்டா அக்கா என்றால் வாசல் காவலாளி கூட வழி காட்டுவார். நூறு பேர் சோற்று அண்டாவை ஒற்றை ஆளாகச் சாய்த்துக் கஞ்சி வடிப்பதால் வந்த பெயர். அவள் உடம்பு வாகைப் பார்த்து வைத்தது என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் அவள் காதில் விழாமல் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவளை இரண்டு நாள் பெஞ்சில் உட்கார வைத்தது ஒரு சுற்றறிக்கை. உணவைத் தொட்டு வேலை செய்கிற எல்லோரும் பயிற்சிக்குப் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். சான்றிதழ் அட்டை இல்லாதவர் அடுத்த மாதத்திலிருந்து சமையலறைக்குள் கால் வைக்கக் கூடாது.

"எனக்கே சோறாக்கச் சொல்லித் தரப் போறாங்களாம்" என்று முனகிக்கொண்டேதான் போனாள்.

பாடம் எடுத்தது ஒரு சின்னப் பெண். கையில் ஊசி மாதிரி நுனியுள்ள வெப்பமானி. முதல் நாளே, சமைத்ததைச் சூடாக வைத்திருக்க யார் யார் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். அண்டா அக்காவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"தூக்குவாளியில ஊத்தி, ரெண்டு துண்டு சுத்தி, பழைய துணி மூட்டைக்குள்ள வச்சுருவேன். காலையில கட்டினா சாயங்காலம் வரைக்கும் ஆறாது. என் தங்கச்சிக்கு ரெண்டு மாசம் அப்படித்தான் சூப் கொண்டுபோனேன்."

"நாளைக்குக் கொண்டாங்கக்கா, இங்கயே கட்டி அளந்தே பாத்துரலாம்."

அந்தத் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குப் புற்றுநோய். ஊசிகள் எல்லாம் முடிந்து, இனிப் பிழைத்துவிடுவாள் என்று டாக்டரே வாய் திறந்து சொல்லியிருந்தார். உடம்பு தேற வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. அண்டா அக்கா காலை ஒன்பது மணிக்குக் கேன்டீன் அடுப்பிலேயே எலும்பு சூப் வைத்து, மூட்டை கட்டி, மாலை ஆறு மணிக்குத் தங்கை வீட்டில் போய் நிற்பாள். தானே ஊட்டிவிடுவாள். பெற்ற பிள்ளை இல்லாதவளுக்குத் தங்கைதான் பிள்ளை.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு நாள் ராத்திரி தங்கைக்கு வாந்தியும் பேதியும் பிடித்தது. மறுநாள் மத்தியானம் போய்விட்டாள். சாப்பாட்டில் ஏதோ கெட்டிருக்கிறது என்றார் டாக்டர். அன்று தங்கை புருஷன் தெருமுனைக் கடையில் ஜூஸ் வாங்கிக் கொடுத்திருந்தார். போதாதா? ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு பேர் பார்க்க அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "கண்ட கடையில வாங்கி ஊத்தி என் தங்கச்சியக் கொன்னுட்டியே, பாவி!" அவர் திக்கித் திணறி ஏதோ சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. அதோடு அந்த வீட்டு வாசலை மிதிப்பதை விட்டுவிட்டாள். தங்கை மகளுக்கு அப்போது நாலு வயது.

மறுநாள் காலை வகுப்பிலேயே சூப்பைச் சூடாக்கி மூட்டை கட்டி, அவ்வப்போது பிரித்து அளந்தார்கள். கட்டும்போது எண்பத்தி நாலு டிகிரி இருந்த சூப், மத்தியானம் ஐம்பத்திரண்டு, நாலு மணிக்கு நாற்பத்தி மூன்று.

"இது சூடு இல்லக்கா, வெதுவெதுப்பு. அறுபதுக்கு மேல இருக்கணும், இல்லன்னா ஃப்ரிட்ஜுக்குள்ள இருக்கணும். நடுவுல மணிக்கணக்கா வச்சா கிருமிக்கு நாமளே போர்வை போத்தி வளக்குற மாதிரி."

வகுப்பே சிரித்தது. அண்டா அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

"நல்ல உடம்புக்கு ஒரு நாள் வயித்தால போயி சரியாயிரும். குழந்தைங்க, வயசானவங்க, புற்றுநோய்க்கு மருந்து எடுத்தவங்க தாங்க மாட்டாங்க. சில கிருமி குடிச்ச ஒரு மணி, ரெண்டு மணியிலயே வேலையக் காட்டிரும்."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. ஆறு மணிக்குச் சூப். ஏழரைக்கெல்லாம் தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டாளாம். எதுவும் இறங்கவில்லை, ஜூஸாவது குடிக்கட்டும் என்று அவர் கடைக்கு ஓடியது எட்டு மணிக்கு. வராந்தாவில் அவரே இதைத் திக்கித் திணறிச் சொன்னார். அன்று அதைக் கேட்க அவளுக்குக் காது இல்லை. வயிறு பிரட்டிய பிறகுதான் ஜூஸே வந்தது. இந்தச் சின்னக் கணக்கை ஆறு வருடத்தில் ஒரு நாளும் அவள் போட்டுப் பார்க்கவில்லை. தன் கைச் சூப்பை யார்தான் சந்தேகப்படுவார்கள்!

பரீட்சையில் முப்பதுக்கு முப்பது வாங்கினாள். வெதுவெதுப்பான உணவைப் பற்றி மூன்று கேள்வி வந்திருந்தது. "கலக்கிட்டீங்கக்கா" என்று அந்தப் பெண் கை கொடுத்தாள். அண்டா அக்கா அட்டையை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? தங்கை இல்லை, டாக்டர் எந்த ஊரிலோ. சொன்னால், என்றைக்காவது தங்கை மகள் பெரியம்மா என்று தேடி வருவாள் என்ற ஆசையில் மண் விழும். ஒன்பது நாள் இதையே மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் கிளம்பிவிட்டாள்.

கதவைத் திறந்தது தங்கை மகள். பத்து வயது. அச்சு அசல் தங்கையின் நெற்றி. சுவரில் அம்மாவும் பெரியம்மாவும் சேர்ந்து நின்ற படத்தையும் வந்தவளையும் மாறி மாறிப் பார்த்து, "பெரியம்மாவா?" என்றாள். உள்ளே அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"அப்பா குளிக்கிறாரு. தண்ணி நல்லாக் கொதிக்கணும்னு என்னக் காவலுக்கு நிக்க வச்சிருக்காரு. வெளியில ஒண்ணுமே வாங்கித் தர மாட்டாரு பெரியம்மா. ஐஸ்கிரீம் கூட. கேட்டா அழுவாரு."

அந்த மனிதர் தலை நரைத்து, பாதி உடம்பாக வந்து நின்றார். மகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மணி சொன்னாள், டிகிரி சொன்னாள்.

"நான்தான் தம்பி. என் சூப்புதான்."

திட்டுவார், வெளியே போ என்பார் என்று நின்றாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"அப்ப நான் இல்லையா, அண்ணி?"

"நீங்க இல்ல தம்பி."

"அவளுக்கு முதல்ல வெறும் வயித்து வலிதான், நான் வாங்கிக் குடுத்த ஜூஸாலதான் முத்திப்போச்சுன்னு இருந்தேன்..."

"அது இல்ல. அதுக்கு முன்னாடியே அவளுக்கு வந்துருச்சு."

"நான் இல்லையா?" என்று மறுபடியும் கேட்டுவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க அழுதார். அவள் எதிரே உட்கார்ந்தாள். அவர் எத்தனை தடவை கேட்டாரோ, அத்தனை தடவையும் நீங்க இல்ல, நீங்க இல்ல என்று சொன்னாள்.