யாரை முதலில் கூப்பிடுவது

அவள் எழுதிய நாலு வரி நிரலைப் பார்த்த அன்று எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. மறைப்பானேன், பொறாமைதான்.

மிஷன் வீதிப் பக்கம் ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் சின்ன மென்பொருள் அலுவலகம். நான் அங்கே பழைய ஆள். அவள் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்துவிட்டு நேற்று வந்தவள். எங்களில் ஒருவரைப் பாரீசுக்கு அனுப்பப் போவதாக முதலாளி சொல்லியிருந்தார். அங்கே ஒரு வாடிக்கையாளரோடு சில மாதம் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். அதற்காகவே சாயங்கால பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்து, மூக்கால் பேசக் கற்றுக்கொண்டிருந்தேன். அவளுக்கு வகுப்பே தேவையில்லை. சொல்தா குடும்பம் அவளுடையது. தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர். வீட்டில் சண்டை போடுவதே பிரெஞ்சில்தான். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.

அப்போது கையில் இருந்த வேலை, பிரெஞ்சு பென்ஷன்காரர்களுக்குக் காகித வேலை செய்து கொடுக்கும் ஒரு தனியார் அலுவலகத்துக்கான டோக்கன் மென்பொருள். இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று பென்ஷன்காரர்கள் சான்று அனுப்பும் காலத்தில் அங்கே கூட்டம் தாங்காது. வயதில் மூத்தவரை முதலில் கூப்பிடுவது அங்கே வழக்கம். ஒரே வருடத்தில் பிறந்தவர்கள் என்றால் என்ன செய்வது? எங்கள் அலுவலகக் கூட்டத்தில் இதற்குக் கையைத் தூக்கியது நான்தான். "ரெண்டு பேரும் சமம்னா, மொதல்ல வந்தவங்களுக்குத்தானே சார் மொதல்ல?" என்றேன். முதலாளி தலையாட்டிவிட்டு, எங்கள் இருவரையும் ஆளுக்கொன்று எழுதிக் காட்டச் சொன்னார்.

இதற்கு வேண்டியது பிரயாரிட்டி கியூ. யார் எப்போது வந்து சேர்ந்தாலும், முந்த வேண்டியவரை முதலில் எடுத்துக் கொடுக்கும் வரிசை அது. நான் அதை அடியிலிருந்து என் கையாலேயே எழுதினேன். புதியவர் வந்தால் மேலே ஏற்றுவது, ஒருவர் போனால் மற்றவர்களை நகர்த்துவது என்று பக்கம் பக்கமாகப் போனது. ஞாயிற்றுக்கிழமையும் அதிலேயே கழிந்தது. அவளோ பைத்தான் மொழியோடு கூடவே வரும், ஏற்கெனவே எழுதி வைத்த லைப்ரரியை எடுத்துக்கொண்டாள். உள்ளே போட ஒரு வரி, வெளியே எடுக்க ஒரு வரி. பிறந்த வருடத்தையும் பெயரையும் சேர்த்துப் போட்டாள். அந்த லைப்ரரி சின்ன எண்ணைத்தான் முதலில் தரும். மூத்தவருக்குப் பிறந்த வருடமும் சின்ன எண்தான். அதிர்ஷ்டம்கூட அவள் பக்கம்.

முதலாளி இரண்டையும் பார்த்துவிட்டு என்னிடம், "இருக்கறத எடுத்து வைக்காம எதுக்கும்மா இவ்ளோ கஷ்டப்பட்டே?" என்றார். அவளுடையதுதான் பென்ஷன் அலுவலகத்துக்குப் போனது.

அது ஓடத் தொடங்கிய முதல் நாள் காலையில் நாங்கள் இருவரும் அங்கே இருந்தோம். திடீரென்று தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் எழுந்து கத்தினார். "நான் கதவு தொறக்கறதுக்கு முன்னாடியே வந்து குந்திக்கினு இருக்கேன். இவரு இப்பத்தான் ஆட்டோவுல எறங்குறாரு. ரெண்டு பேரும் ஒரே வருஷத்துல பொறந்தவங்க, ஒண்ணாப் படிச்சவங்க. இவரை ஏன் மொதல்ல கூப்புடுறீங்க?"

எனக்குச் சட்டென்று புரிந்தது. வருடம் ஒன்றாக இருந்ததும் அவளுடைய வரிசை அடுத்திருந்த பெயரை ஒப்பிட்டுவிட்டது. ஆட்டோவில் வந்தவர் பெயர் ஆங்கில 'ஏ'யில் தொடங்குகிறது, பெரியவருடையது 'வி'யில். நான் சொன்ன விதியை அவள் விட்டுவிட்டாள். அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

அவள் பதறவில்லை. பெரியவரிடம் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டு, அவரையே அடுத்து உள்ளே அனுப்பினாள். பிறகு உட்கார்ந்து, வருடத்துக்கும் பெயருக்கும் நடுவே, அவரவர் வந்த வரிசைக்கு ஒரு எண்ணைச் சேர்த்தாள். அவர் வேலை முடிந்து வெளியே வருவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது.

"லைப்ரரியோட விளக்கத்துலயே இப்படி நம்பர் போடச் சொல்லியிருக்குக்கா. நான்தான் அவசரத்துல வுட்டுட்டேன்" என்றாள். அந்த 'அக்கா' எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

என்னுடையதாக இருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று முதலாளியிடம் காட்ட வேண்டும் என்று தவித்தேன். திரும்பி வந்ததும் என் பழைய நிரலைத் திறந்து, ஒரே வருடக்காரர்களை வரிசையாக உள்ளே விட்டுப் பார்த்தேன். வந்த வரிசை அப்படியே நிற்கும் என்று நம்பி, அந்த எண்ணை நானும் போடாமல் விட்டிருந்தேன். வெளியே வந்தவர்கள் முன்னும் பின்னுமாகக் கலைந்து வந்தார்கள். அவளுடையதில் எழுத்து வரிசையாவது இருந்தது. லேப்டாப்பை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அடுத்த வாரம், பாரீசுக்கு அவள் போகிறாள் என்று சொன்னார்கள். கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அவள் கேக் வாங்கக் கீழே இறங்கியதும் நேராக முதலாளி அறைக்குப் போய்விட்டேன்.

"சார், நான்தானே மொதல்ல வந்தேன்?"

அவருக்குக் கோபம் வரவில்லை.

"நீதானேம்மா சொன்னே," என்றார். "ரெண்டு பேரும் சமமா இருந்தாத்தான் அந்தக் கணக்குன்னு."