அப்பா போடாத மாத்திரை

ஜெர்மனியில், செல்களுக்கு உத்தரவு போடும் கைனேஸ் புரதங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். நீடாமங்கலத்தில் தனியாக இருக்கும் அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய். தினமும் மாத்திரை போட்டாக வேண்டும். ஃபோனில் கூப்பிட்டுக் கேட்டால், "இன்னும் போடலம்மா" என்பார். பதறிப்போய் விளக்குவேன்.

"உங்க ரத்தத்துல ஒரு கைனேஸ் ஓயாம மத்த புரதங்கள்ல பாஸ்பேட்டை ஒட்டிக்கிட்டே இருக்குப்பா. அதான் செல் கண்டபடி பெருகுது. மாத்திரைதான் அதைத் தடுக்கும்."

"டிஏபி உர மூட்டையில இருக்கே, அந்தப் பாஸ்பேட்டா?"

"அதேதான். முதல்ல மாத்திரையைப் போடுங்க."

விடுமுறையில் ஊருக்குப் போனேன். அலமாரியில் காலி மாத்திரை அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். ஒரு நாளும் விடுபடவில்லை.

"தினமும் போட்டிருக்கீங்க. ஏம்ப்பா பொய் சொன்னீங்க?"

"போட்டுட்டேன்னு சொன்னா உடனே ஃபோனை வச்சிடுறியேம்மா."

இப்போதெல்லாம் மாத்திரையைப் பற்றிக் கடைசியில்தான் கேட்கிறேன். ஃபோனை வைத்தபின், இங்கே என் அறையிலும் பேச ஆளில்லை.