ஒரே லிஃப்ட், இரண்டு வரிசைப் பொத்தான்

சென்ற ஆண்டு மார்ச் ஒன்பதாம் நாள், காலை பத்தேகால் மணி. எங்கள் பத்திரிகை அலுவலக லிஃப்டின் தரையில் விளிம்புவரை நிரம்பிய தண்ணீர்த் தம்ளர் ஒன்று நின்றது. அதன் எதிரே குந்தியிருந்த மெக்கானிக், என்னை ஏறவிடாமல் கையைக் குறுக்கே நீட்டினார்.

"மூணு தடவை மேல போய்க் கீழ வரட்டும் சார். ஒரு சொட்டு சிந்துனாலும் வேலை முடியலன்னு அர்த்தம்."

சிந்தவில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்த பிறகே வேலைச்சீட்டில் கையெழுத்திட்டார்.

வயது ஐம்பத்திரண்டு. ஒல்லியான உடல், காதிடுக்கில் பென்சில். பாதிவழியில் நின்றுவிடும் லிஃப்டை, "மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி. என்ன குறைன்னு கேட்டாத்தான் நகரும்" என்பார். பழுதுபார்க்கப் போகும் ஊர்களிலிருந்து விநோதச் செய்திகளைத் திரட்டி வருவார். ஒரு தெரு பதினேழாம் எண்ணில்தான் தொடங்குகிறது. முதல் பதினாறு வீடுகளையும் ஆறு கொண்டுபோய்விட்டது. இன்னோர் ஊரின் மணிக்கூண்டு பத்து நிமிடம் முந்தி ஓடுகிறது; அதைத் தெரிந்துவைத்திருக்கும் ஊரார், எங்கும் இருபது நிமிடம் பிந்தி வருகிறார்கள். இவற்றை நான் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வெளியிட்டு வந்தேன். அவர் மனைவியோ என்னைத் தொலைபேசியில் அழைத்து முறையிட்டார்: "ஊர் ஊராப் போய் லிஃப்ட மேல ஏத்துறாரு. மொட்டமாடில காயுற துணிய எடுத்துட்டு வாங்கன்னா முழங்கால் வலிங்கிறாரு."

பதினான்காவது செய்தியில்தான் சிக்கல் வந்தது. மலைச்சரிவில் ஐந்தடுக்குக் கட்டடம். அதன் உச்சித் தளம் மேல்தெருவுக்கும், அடித்தளம் கீழ்த்தெருவுக்கும் திறக்கின்றன. மேல்தெருக்காரர்கள் தங்கள் வாசல் தளத்தைச் சுழியமாக வைத்து மாடிகளை மேலிருந்து கீழாக எண்ணுகிறார்கள். கீழ்த்தெருக்காரர்கள் அதேபோல் தங்கள் வாசலிலிருந்து மேலாக. இரு தரப்பும் விட்டுக்கொடுக்காததால் ஒரே லிஃப்டில் இரண்டு வரிசைப் பொத்தான்கள்.

கலப்படமற்ற புளுகு என்று வாசகர்கள் எழுதினார்கள். அவருடைய நிறுவன மேலாளர் பதிவேட்டைப் புரட்டினார். இரு தெருக்களிலும் தனித்தனியே சாதாரண லிஃப்டுகள் பதிவாகியிருந்தன.

"கம்பெனி மானத்தக் காத்துல விட்டுட்டியேய்யா. சொன்னது பொய்னு எழுதிக் குடு. இல்லன்னா இனி வேலைக்கு வர வேண்டாம்."

மெக்கானிக் காதிலிருந்த பென்சிலைத் தொடவில்லை. நானும் ஐயம் கொண்டேன். "உண்மையா இருந்தா, ஒரு நாள் முழுக்க உங்க பெட்டிய நான் சுமக்கிறேன்" என்று வாய்விட்டேன். அவருடைய கருவிப்பெட்டி இருபது கிலோ.

"கண்ணால பாத்துட்டுப் பேசுங்க" என்றார்.

அடுத்த சனிக்கிழமை மேலாளரையும் சேர்த்து மூவரும் சென்றோம். கீழ்த்தெரு வாசலில் எங்களோடு ஏறிய பெண்மணி வலப்புற வரிசையில் மூன்றை அழுத்தினார். அவர் கணவர் இடப்புற வரிசையில் ஒன்றை அழுத்தினார். லிஃப்ட் ஒரே இடத்தில், ஒரே முறை நின்றது.

"கல்யாணமாகி இருபது வருஷம். குடியிருக்கிறது எத்தனாவது மாடின்னு இந்த மனுஷனுக்கு இன்னும் தெரியல."

"கீழ்த்தெருப் பொண்ணக் கட்டுனா இந்தக் கதிதான்" என்று கணவர் எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினார்.

மேலாளர் இயந்திர அறைக்கு ஏறினார். மோட்டாரில் பொறித்திருந்த எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிட்டார். இரண்டு முகவரிகளுக்கும் நேரே அதே எண். பதினோர் ஆண்டுகளாக நிறுவனம் ஒரு லிஃப்டை இரண்டென்று எண்ணி வந்திருக்கிறது. அவர் பதிவேட்டை மூடினார்.

"உங்களுக்குப் பதினோரு வருஷம்தான் சார்" என்றார் மெக்கானிக். "அந்த அம்மாவுக்கு இருபது."

மறுவாரம் வாசகர்களின் மறுப்புக்கு மேலாளர் தம் கைப்பட எழுதிய மறுப்பை, கடைசிப் பக்கத்தில் அல்ல, முதற்பக்கத்தில் வெளியிட்டோம்.

பெட்டியைச் சுமப்பதாக நான் தந்த வாக்கை மட்டும் மெக்கானிக் இன்றுவரை கேட்கவில்லை. மாதந்தோறும் வருகிறார், வேலை முடிந்ததும் பெட்டியை என் நாற்காலியருகே இறக்கி வைக்கிறார். நான் எழுந்து கையை நீட்டுகிறேன். அதற்குள் பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு, மற்றக் கையால் என் தோளை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, லிஃப்டுக்குள் நுழைகிறார்.