ஆற்றுக்குள் நின்ற ஸ்டோர்

கண்டியில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி. காலநிலை மாற்றத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்று சொல்லித் தந்தார்கள். முடிவில் சான்றிதழும் ஒரு துணிப்பையும் கிடைத்தன. பனிக்கரடி படும் பாடு எனக்கு இப்போது தலைகீழ்ப் பாடம். பெருமழை பெய்தால் மூழ்கிப்போகும் எங்கள் கடைத்தெருவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

எனக்குக் கோபம் வந்தால் சும்மா இருக்க முடியாது. மாத்தளை வீதியோரத்துப் பெண்கள் பாடசாலையொன்றில் புவியியல் படிப்பிக்கிறேன். தரம் பத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடைகளுக்குப் பின்னால் ஓடும் ஆற்றுக்குப் போனேன். எங்கள் புடவைக்கடையில் துணி அளக்கும் நாடாதான் கருவி. இடத்துக்கு இடம் ஆற்றின் அகலத்தை அளந்து படம் வரைய வேண்டும். ஒடுங்கிய இடத்துக்குச் சிவப்பு நிறம்.

ஓரிடத்தில் ஒரு பிள்ளை நாடாவைப் பிடித்தபடி நெளிந்தாள். ஆற்றுக்குள் தூண் இறக்கிச் சுவர் எழுப்பிய, கடைத்துணி அடுக்கிவைக்கும் ஸ்டோர் அது. என் வாப்பாவுடையது.

"டீச்சர், இது ஒங்கட கடதானே. இதயும் போடணுமா?"

"மொதல்ல அதப் போடுங்க."

வாய் துணிந்து சொல்லிவிட்டது. அந்த ஸ்டோரில் அடுக்கிய துணியை விற்றுத்தான் வாப்பா என்னைப் பல்கலைக்கழகம் அனுப்பினார்.

கண்காட்சிக்காகப் படத்தைப் பாடசாலையில் தொங்கவிட்டாயிற்று என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள்.

"எங்கட சோத்துல நீயே மண்ணள்ளிப் போடுறியா? பிரதேச சபக்காரன் பாத்தா ஸ்டோர இடிச்சிடுவான். அதக் கழட்டு மகள்."

"கழட்ட ஏலா வாப்பா."

"மழ அல்லாஹ் தாரது. அதுக்கு நாங்க என்ன செய்ற?"

"மழய அல்லாஹ் தந்தான். சொவர நீங்கதானே கட்டினீங்க."

அதன் பிறகு ஒரு வாரம் அவர் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. உம்மா அழுதாள். நான் மசியவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்றால் நான் எதற்கு ஆசிரியை?

கண்காட்சிக்கு வாப்பா வந்தார். கிழிக்கத்தான் வருகிறார் என்று நினைத்துப் படத்தின் அருகில் போய் நின்றுகொண்டேன். அன்று நெளிந்த அதே பிள்ளைதான் வாப்பாவுக்குப் படத்தை விளக்கினாள்.

"இந்த எடத்துல ஆறு ஒடுங்குது ஹாஜியார். அதால தண்ணி மத்தப் பக்கம் ஏறுது. அங்க ஈக்கிறது எங்கட வீடு. போன வெள்ளத்துல உம்மா தம்பியத் தூக்கிக்கிட்டு மேசக்கி மேல நின்டாங்க."

வாப்பா தொண்டையைச் செருமினார். "அந்தப் பக்கத்து வீடுகளுக்கு நாங்க சோத்துப் பார்சல் அனுப்பினோமே."

"ஓ ஹாஜியார், கெடச்சிச்சி," என்றாள் பிள்ளை, உண்மையான நன்றியோடு.

வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆறுதல் சொல்லவில்லை. படத்தைக் கழற்றவும் இல்லை.