வேட்பாளரின் மனைவி

சட்டமன்றத் தேர்தலின் ஓட்டு எண்ணும் நாள். சாலையெல்லாம் கூட்டம். பல்லடம் போகும் எங்கள் பஸ் சாமளாபுரத்தில் நின்றுவிடுகிறது. தண்ணீர் கேட்டு ஒரு விசைத்தறிக் கொட்டகைக்குள் நுழைகிறேன். உள்ளே ஒரு பெண் தனியாகத் தறி ஓட்டுகிறார். இந்த ஊர்க்கார வேட்பாளர் ஒருவரின் மனைவி அவர்தான் என்கிறார்கள் வாசலில் நிற்பவர்கள்.

"நீங்க போகலீங்களா?" என்று தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்கிறேன்.

"ரெண்டு தடவ ஓட்டு எண்ற எடத்துக்குப் போனனுங்க. ரெண்டு தடவையும் தோத்துட்டாருங்க. அதான் இந்தத் தடவ போகலீங்க."

ஓட்டு எண்ணிக்கையில் கடைசிச் சுற்று ஓடிக்கொண்டிருக்கிறதாம். சில நூறு ஓட்டுத்தான் வித்தியாசமாம். எனக்கும் படபடப்பு தொற்றிக்கொள்கிறது. திடீரென்று வெளியே பட்டாசு வெடிக்கிறது. யாருக்காக என்று தெரியவில்லை. அவர் இடுப்பில் செருகியிருந்த போன் ஒளிர்கிறது. தறிகளை நிறுத்திவிட்டுக் காதில் வைக்கிறார்.

"நெசமாவா?" என்று இரண்டு முறை கேட்கிறார். கண் நிறைந்து வழிகிறது. முன்பின் தெரியாத அந்த மனிதருக்காக நானும் கைதட்டிக்கொண்டிருக்கிறேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்புகிறார்.

"எட்டுத் தறிங்க. அவரும் நானுமாத்தான் ஓட்டுறோம். நாளைக்கே ஆள் தேடோணுங்க."