பேசாத கணினியை மேசைமேல் வைத்தவர்

சத்தியவாணி டீச்சர் இறந்துவிட்டார் என்று தொலைபேசியில் சொன்னபோது நான் ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். காய்ச்சல் என்று படுத்தவர் எழும்பவேயில்லை. அவரோடு படிப்பித்த நான் உங்களிடம் மறைப்பானேன், எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

பிறவியிலேயே பார்வையில்லாதவர் டீச்சர். கைபேசி வாசிக்க வாசிக்கக் காதால் கேட்டுத்தான் வரலாற்றுப் பாடம் தயாரிப்பார். ஆசிரியர் அறையில் நான் கதிரையில் இடறினால், "கண்ணத் தொறந்துக்கிட்டுத்தான் நடக்கிறீங்களா சேர்?" என்று சிரிப்பார்.

அவரைப் போலவே பார்வையில்லாத யோகேஸ்வரி பத்தாம் தரத்துக்கு வந்த வருடம், அவளுக்கென்று வாசித்துக் காட்டும் கணினி ஒன்று பாடசாலைக்கு வந்தது. அதற்கு மாலை போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்துப் படம் பிடித்தார்கள். அப்புறம் பாடசாலை அதிபர் அதைத் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். பிள்ளைகள் உடைத்துவிடுவார்களாம்! தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகுமுன் தாய் கைபிடித்துக் கொண்டுவந்து விட்ட பிள்ளை, வகுப்பில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

"சட்டத்துல இந்தப் புள்ளைக்கு உரிமைன்னுதான் இருக்கு சேர், அலுமாரிக்குன்னு இல்ல," என்று டீச்சர் அதிபரிடம் சண்டை போட்டுச் சாவியை வாங்கினார். கணினி சிங்களம் பேசியது, ஆங்கிலம் பேசியது. தமிழ்ப் பாடத்தைக் கொடுத்தால் மூச்சுவிடவில்லை. தமிழ்ப் பாடசாலைக்கு அனுப்புகிறோமே என்று அனுப்பியவர்களில் ஒருவருக்குமா தோன்றவில்லை?

கல்வி அலுவலகத்தில் கேட்டதற்கு, "அதான் குடுத்தாச்சே டீச்சர்," என்றார் அதிகாரி. மறுநாளே டீச்சர் யோகேஸ்வரியையும் கணினியையும் அங்கே கூட்டிப்போனார். நான் துணைக்குப் போனேன். அதிகாரியின் மேசைமேல் கணினியை வைத்து, தமிழ்ப் பாடத்தை அதில் திறக்கும்படி யோகேஸ்வரியிடம் சொன்னார். அது பேசவில்லை. டீச்சரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். "என்ன டீச்சர்?" என்று அதிகாரி நெளிந்தார். "நீங்க குடுத்தத கேட்டுக்கிட்டு இருக்கேன் சேர். நீங்களும் கேளுங்க."

அன்று மாலைக்குள் தமிழ்க் குரல் போட்டாயிற்று. அவ்வளவு எளிய வேலை அது! அதற்காகவா ஒரு பிள்ளையின் வருடத்தை வீணாக்கினார்கள்?

பதினோராம் தரத்தின் கடைசியில் வரும் சாதாரண தரப் பரீட்சையை யோகேஸ்வரி அந்தக் கணினியில் எழுத அதே அலுவலகத்தில் அனுமதி கேட்டிருந்தார் டீச்சர். பரீட்சை நெருங்கிவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.

மரண வீட்டுக்கு அதே அதிகாரி மலர்வளையத்தோடு வந்தார். "தன் குறையைப் பொறுமையால் வென்றவர்," என்று உரையாற்றினார். பொறுமையா? டீச்சர் பொறுமையாக இருந்து நான் பார்த்ததே இல்லை. அவர் வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டியது தன் கண்ணோடு அல்ல, இவர்களோடு.

கூட்டத்தில் யோகேஸ்வரி என் கையைத் தேடிப் பிடித்தாள். "இனி எனக்காக யாரு சேர் கேப்பாங்க?"

"நான் கேக்கிறேன்மா. நீயும் கூட வந்து கேளு."

டீச்சரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய கோபத்தை. திங்கட்கிழமை காலை, அலுவலகம் திறக்கும்போது நாங்கள் இருவரும் வாசலில் நிற்போம்.